கணிப்பொறிக்குக் காற்று வேண்டும், இரைச்சல் வேண்டாம்

உப்பளத்தில் வேலை செய்வோருக்குக் காற்றின் அருமை நன்கு தெரியும். தூத்துக்குடி நகரை ஒட்டி வடக்கே இருக்கும் மாப்பிள்ளையூரணியிலும், அதை அடுத்த கடற்கரைப் பகுதிகளிலும் பாத்திகளில் கட்டப்படும் உவர்நீர் வெயிலால் மட்டும் வற்றிவிடுவதில்லை. நீரின்மேல் தங்கி நிற்கும் ஈரக்காற்றை அகற்றி, உலர்ந்த காற்றைக் கொண்டுவர மேல்காற்றும் வீச வேண்டும். வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், காற்று நின்றுவிட்டால் உப்பு விளைவது தாமதமாகிறது.

மேசைக் கணிப்பொறியின் பெட்டிக்குள்ளும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. சூடான காற்று வெளியேறிப் புதிய காற்று உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அது தடைப்பட்டால் விசிறி பேரிரைச்சலுடன் சுற்றும். கணிப்பொறியின் வேகம் குறையும். சில வேளைகளில் அது தானாகவே நின்றும் போகும். கோடையில் இத்தொல்லை மிகுதி.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியங்கள் இரண்டு. ஒன்று, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிடுவது. மற்றொன்று, இன்னும் வேகமாகச் சுற்றும் விசிறியை வாங்கிப் பொருத்துவது. முதலாவது, கடற்கரை ஊர்களில் உப்புத்தூளை உள்ளே அழைத்து வருகிறது. இரண்டாவது, வகுப்பறையில் ஆசிரியரின் குரலையே மூழ்கடிக்கிறது. இவற்றைவிடச் சிறந்த வழி உண்டா? உயர்நிலைப் பள்ளி இயற்பியலே அதற்கு விடை தருகிறது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறி உட்கொள்ளும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. 100 வாட் மின்திறனில் இயங்கும் கணிப்பொறி, வெப்பத்தைப் பொறுத்தவரை 100 வாட் குண்டு பல்புக்குச் சமம்.

இது பழைய சிக்கல்தான். 1946இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்திறனை உட்கொண்டது. அந்த வெப்பத்தை அகற்றப் பெரிய காற்றூதிகள் அமைக்கப்பட்டன. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணிப்பொறியிலும் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பின்னர் டிரான்சிஸ்டர்களும் சில்லுகளும் வந்து வெப்பத்தைப் பெரிதும் குறைத்தன. ஆனால் சில்லுகளின் வேகம் பெருகப் பெருக, வெப்பம் மீண்டும் தலைதூக்கியது. இன்றைய மேசைக் கணிப்பொறியின் செயலி நகத்தளவே உள்ள சில்லில் 65 வாட் அல்லது அதற்கும் மேலான வெப்பத்தை வெளியிடக்கூடும். சில்லின் வெப்பநிலை ஏறத்தாழ 100° செ. அளவை நெருங்கினால் பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கணிப்பொறி சோர்ந்து போவதற்குக் காரணம் இதுவே.

வெப்பம் அழிவதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு அதைக் கொண்டு செல்லவே முடியும். 1979இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம், சுழலியை விட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரைப் பயன்படுத்தியது. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை சூடேறும்போது ஏற்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று ஏற்பதைப்போல் 3,500 மடங்குக்கும் மேலாகும். சாதாரணக் கணிப்பொறிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வாய்த்தது காற்றுதான். ஆதலால் அதைச் சிக்கனமாகவும் திறமையாகவும் பயன்படுத்த வேண்டும்.

வெப்பம் கடக்கும் படிகள்

மின்தடைகளைத் தொடரிணைப்பில் இணைத்தால் மொத்தத் தடை அவற்றின் கூடுதல் என்று படித்திருக்கிறீர்கள். வெப்பம் கடக்கும் பாதையும் அவ்வாறே. சில்லிலிருந்து வெப்பப் பசை வழியாக உலோகச் சிறகுகளுக்கும், சிறகுகளிலிருந்து பெட்டிக்குள் உள்ள காற்றுக்கும், அங்கிருந்து அறைக்கும் வெப்பம் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை வேறுபாடு ஒன்று தேவைப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அறையின் வெப்பநிலை 34° செ. என்று கொள்வோம். பெட்டிக்குள் காற்று அதைவிட 10 பாகை சூடாக, 44° செ. அளவில் உள்ளது. செயலி வெளியிடும் வெப்பம் 65 வாட். சிறகுகளின் வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு 0.4 பாகை எனில், சிறகுகள் காற்றைவிட 26 பாகை கூடுதலாக, 70° செ. அளவில் இருக்கும். பசையும் சில்லின் மேலுறையும் சேர்ந்து வாட்டுக்கு 0.2 பாகை எனில் மேலும் 13 பாகை. ஆக, சில்லின் வெப்பநிலை 83° செ.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது: பெட்டிக்குள் உள்ள காற்று எத்தனை பாகை குளிர்கிறதோ, சில்லும் அத்தனை பாகை குளிரும். இரண்டாவது: சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் பயனில்லை. பல ஆண்டுகள் ஆன பசை காய்ந்து, அதன் படியின் தடை 0.2 இலிருந்து 0.5 ஆக உயர்ந்தால், சில்லின் வெப்பநிலை 102.5° செ. ஆகிவிடும். அப்போது பெட்டியில் எத்தனை விசிறிகளை மாட்டினாலும் குறை தீராது. பசையை மாற்றுவதே வைத்தியம்.

பசையை அப்பிப் பூச வேண்டும் என்று எண்ணக் கூடாது. உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதே அதன் வேலை. பசை காற்றைவிடப் பன்மடங்கு நன்றாகவும், செம்பைவிடப் பன்மடங்கு மோசமாகவும் வெப்பத்தைக் கடத்துகிறது. ஆதலால் மெல்லிய படலமே போதும்.

எவ்வளவு காற்று வேண்டும்?

100 வாட் என்றால் நொடிக்கு 100 ஜூல். ஒரு கிராம் காற்றை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 1 ஜூல் தேவை. காற்று 10 பாகை மட்டும் சூடேற வேண்டுமாயின் நொடிக்கு 10 கிராம் காற்று பெட்டி வழியே செல்ல வேண்டும். 34° செ. அளவில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.15 கிலோகிராம். ஆகவே 10 கிராம் என்பது ஏறக்குறைய 9 லிட்டர். இப்போது கீழ்க்காணும் வரிசையைப் பாருங்கள்.

நொடிக்கு 9 லிட்டர் காற்று: வெப்பநிலை உயர்வு 10 பாகை.
நொடிக்கு 18 லிட்டர்: 5 பாகை.
நொடிக்கு 36 லிட்டர்: 2.5 பாகை.

முதல் முறை காற்றை இருமடங்காக்கியபோது 5 பாகை இலாபம். அடுத்த முறை இருமடங்காக்கியபோது கிடைத்தது 2.5 பாகையே. மேலும் மேலும் காற்றை ஏற்றினால் பயன் பாதி பாதியாகக் குறைந்து வருகிறது. இரைச்சலோ அப்படிக் குறைவதில்லை. அதை அடுத்துக் காண்போம்.

இரைச்சலின் கணக்கு

ஒரே விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்றின் அளவு 2 மடங்காகும். அது தரும் அழுத்தம் 4 மடங்காகும். அதைச் சுற்றத் தேவையான திறன் 8 மடங்காகும். அது எழுப்பும் ஒலித்திறனோ வேகத்தின் ஐந்தாம் படியை ஒட்டி வளர்ந்து, ஏறத்தாழ 32 மடங்காகும். அதாவது 15 டெசிபல் கூடும். நம் செவிக்கு 10 டெசிபல் உயர்வே ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 5 பாகை குளிர்ச்சிக்காக இந்த விலை கொடுப்பது இலாபமா?

விசிறியைப் பெரிதாக்கினால் என்ன நிகழும்? ஒரே வடிவமுள்ள விசிறிகளில், காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கும் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. பழைய பெட்டிகளில் 80 மில்லிமீட்டர் விசிறிகள் உண்டு. அதற்குப் பதில் 120 மில்லிமீட்டர் விசிறியை வைத்தால் விட்டம் 1.5 மடங்கு, அதன் மும்மடி 3.375. எனவே நிமிடத்திற்கு 2,700 சுற்று சுற்றிய சிறிய விசிறி தந்த காற்றைப் பெரிய விசிறி 800 சுற்றிலேயே தந்துவிடும். ஒலித்திறன் விட்டத்தின் ஏழாம் படியோடு உயர்ந்தாலும், வேகம் இவ்வளவு குறைந்ததால், மொத்தத்தில் ஏறத்தாழ 25இல் 1 பங்காகக் குறைகிறது. இது 14 டெசிபல் குறைவு!

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. 800 சுற்றில் சுற்றும் பெரிய விசிறி தரும் அழுத்தம், சிறிய விசிறி தந்ததில் ஏறத்தாழ 5இல் 1 பங்கே. அதாவது அது நிறையக் காற்றைத் தள்ளும். ஆனால் வலிமையாகத் தள்ளாது. பெரிய விசிறியைப் பழைய சிறிய துளைக்கு முன்னால் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். துளையையும் விசிறியின் அளவுக்கு விரிவாக்கினால் பரப்பு 2.25 மடங்காகிறது, துளை வழியே பாயும் காற்றின் வேகம் 2.25 மடங்கு குறைகிறது. துளையில் இழக்கப்படும் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அந்த இழப்பும் ஏறத்தாழ 5இல் 1 பங்காகிவிடுகிறது! விசிறியின் வலிமை குறைந்த அளவுக்கே தடையும் குறைந்துவிட்டது. அமைதியான குளிர்விப்பின் மறைபொருள் இதுதான்: வழியை அகலமாக்கு, காற்றை மெதுவாக விடு.

காற்றின் வழி

பெட்டியின் முன்புறம் கீழே காற்று நுழைந்து, செயலியையும் பிற பாகங்களையும் தழுவி, பின்புறம் மேலே வெளியேறுவது நல்ல அமைப்பு. சூடான காற்று மேலெழும் என்பது இதற்கு ஓரளவே உதவும். 40 செ.மீ. உயரப் பெட்டியில் 10 பாகை வேறுபாட்டால் எழும் அழுத்தம் 0.15 பாஸ்கலைத் தாண்டாது. சாதாரண விசிறி 10 பாஸ்கலுக்கும் மேல் தரவல்லது. ஆகவே பெட்டிக்குள் காற்றின் திசையைத் தீர்மானிப்பது விசிறியே. ஒரு விசிறி உள்ளே இழுக்க, மற்றொன்று அதை எதிர்த்து ஊதுமாறு மாட்டினால் பயன் கெடும். விசிறிச் சட்டத்தின் பக்கவாட்டில் காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி பெரும்பாலும் இருக்கும்.

காற்றும் மின்னோட்டத்தைப் போலக் குறைந்த தடையுள்ள வழியையே நாடும். வெளியேற்றும் விசிறிக்கு அருகிலேயே திறந்த ஓட்டை ஒன்று இருந்தால், விசிறி அந்த ஓட்டையிலிருந்தே காற்றை இழுத்து வெளியே தள்ளும்; செயலியின் பக்கம் காற்று எட்டிப் பார்க்காது. இது ஒருவகைக் குறுக்குச் சுற்று. பயன்படாத அட்டைகளுக்கான பின்புறத் துளைகளை மூடித் தகட்டால் அடைத்து வைப்பது இதற்காகவே. பக்கத் தகட்டைக் கழற்றினால் சிலவேளை சற்றுக் குளிர்ந்தது போலத் தோன்றலாம். ஆனால் முன்னிருந்து பின்னுக்கு ஓடிய காற்றோட்டம் சிதைந்து, வன்தட்டு போன்ற சில பாகங்கள் காற்றில்லாத மூலையில் அகப்பட்டுக்கொள்ளும்.

உப்புக் காற்றின் தொல்லை

மாப்பிள்ளையூரணி போன்ற கடற்கரை ஊரில் மற்றொரு சிக்கலும் உண்டு. காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்பு சுற்றுப்பலகையின்மீது படிகிறது. உலர்ந்த உப்பால் பெரும் கேடில்லை. ஆனால் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் சிறிதளவு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை உறிஞ்சும். அடுக்களையில் கல்லுப்பு கசிவது இதனால்தான். கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும்.

இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. இரவில் வெளிக்காற்று 28° செ. வெப்பநிலையிலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் 38° செ. அளவுக்குச் சூடேறினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 48 விழுக்காடாகக் குறைந்துவிடும். அரிப்பு மிகுவது கணிப்பொறி அணைந்து குளிர்ந்து கிடக்கும் நேரத்திலும், விடுமுறை நாட்களிலும், ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திலும்தான். ஆகையால் மழை தொடங்குமுன் உட்புறத்தைத் துப்புரவு செய்வது நன்று. அணைத்துச் சூடு ஆறியபின் பெட்டியை உறையிட்டு மூடலாம். இயங்கும்போது உறை கூடவே கூடாது.

உப்பையும் தூசியையும் தடுக்க, காற்று நுழையும் வாயில் மெல்லிய நைலான் வலையை வடிகட்டியாகப் பொருத்த வேண்டும். நெருக்கமாக நெய்த துணி காற்றையே தடுத்துவிடும். வலையின் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. உள்ளே இழுக்கும் காற்று, வெளியேற்றும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருக்குமாறு விசிறிகளை அமைத்தால், பெட்டிக்குள் அழுத்தம் வெளியைவிடச் சிறிது கூடும். அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே தவிர, தூசி உள்ளே நுழையாது. மிக நுண்ணிய உப்புத் துகள்களை இவ்வலை முற்றிலும் நிறுத்தாது. ஆனால் பெரும்பகுதி தூசியைத் தடுக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று புழுதியை வாரி வரும்போது வாரம் ஒருமுறை வலையைக் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துங்கள்.

செய்முறை

ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவரின் துணையுடன் மட்டுமே பெட்டியைத் திறக்க வேண்டும். மின்கம்பியை முதலில் பிடுங்கிவிடுங்கள். உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ளுங்கள். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதிலுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

செலவில்லாத வேலைகளை முதலில் செய்க:

1. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். மேசையின் மூடிய அறைக்குள் இருந்தால் வெளியே எடுங்கள்.

2. உலர்ந்த மெல்லிய தூரிகையால் சிறகுகளிலும் விசிறிகளிலும் படிந்த தூசியை அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

3. உள்ளே தொங்கும் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிக் காற்றின் வழியிலிருந்து ஒதுக்குங்கள்.

4. பெட்டியின் அடியில் நான்கு மூலைகளிலும் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை மடித்து வையுங்கள். அதிர்வு மேசைக்குப் பரவாது, மேசை மத்தளமாகாது.

5. கணிப்பொறியின் மின்சிக்கன அமைப்பை இயக்குங்கள். தோன்றாத வெப்பத்தை அகற்ற விசிறி தேவையில்லை!

இவற்றுக்குப் பின்னும் குறை இருந்தால் செலவு செய்யலாம்:

6. காய்ந்த பசையைத் துடைத்துப் புதுப்பசை இடுங்கள்.

7. இடமிருந்தால் 120 மில்லிமீட்டர் விசிறிகளைப் பொருத்துங்கள். நான்கு முனைச் செருகி உடையவற்றைக் கணிப்பொறியே வெப்பத்துக்கேற்ப மெதுவாகவோ விரைவாகவோ சுற்றச் செய்யும்.

8. விசிறிக்கு முன்னுள்ள துளையிட்ட தகடு காற்றின் வழியில் பெரும்பகுதியை மறைக்கிறது; அதன் விளிம்புகளில் காற்று மோதுவதாலும் இரைச்சல் பிறக்கிறது. பட்டறையில் கொடுத்து அத்தகட்டை வட்டமாக வெட்டி, கம்பிக் காப்பு பொருத்தலாம். வெட்டுமுன் உள்ளிருக்கும் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஓர் இரும்புத்தூள் போதும், சுற்றுப்பலகையைப் பாழாக்க!

அறையையும் மறக்க வேண்டாம்

எவ்வளவு சிறந்த பெட்டியானாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக அதைக் காற்றால் மட்டும் ஆக்க முடியாது. 20 கணிப்பொறிகள் உள்ள பள்ளி ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 100 வாட் எனில் மொத்தம் 2,000 வாட். அமர்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 40 மாணவர்கள் என்றால் 4,000 வாட்! அறையைச் சூடாக்குவதில் கணிப்பொறிகளைவிட நம் பங்கே அதிகம். அறையின் வெப்பக்காற்று வெளியேற வழியில்லை என்றால் பெட்டியில் செய்த சீர்திருத்தம் முழுப்பயன் தராது. காற்றடிக்கும் பக்கத்துச் சன்னல்களுக்கு வலையிட்டு, எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு வெளியேற்று விசிறியை அமைத்தால் எல்லாக் கணிப்பொறிகளும் ஒருசேரப் பயன்பெறும். அறை 3 பாகை குளிர்ந்தால், அத்தனை சில்லுகளும் ஏறத்தாழ 3 பாகை குளிரும்.

அளந்து பாருங்கள்

சீர்திருத்தம் பயன் தந்ததா என்பதைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. கணிப்பொறியை அரைமணி நேரம் ஒரே வேலையில் இயக்கிவிட்டு, காற்று நுழையுமிடத்திலும் வெளியேறுமிடத்திலும் வெப்பமானியை வைத்து இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சீர்செய்த பின் அதே வேலையில் மீண்டும் அளவிடுங்கள். இரு நாட்களின் அறை வெப்பநிலை வேறாக இருக்கலாம். ஆதலால் வெப்பநிலைகளை ஒப்பிடாமல், அவற்றின் வேறுபாட்டை மட்டும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு குறைந்திருந்தால் காற்றோட்டம் கூடியிருக்கிறது என்பது பொருள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

அ. 150 வாட் வெப்பம் வெளியிடும் பெட்டி வழியே நொடிக்கு 15 லிட்டர் காற்று செல்கிறது. காற்று எத்தனை பாகை சூடேறும்?

ஆ. விசிறியின் வேகத்தை 1,500 சுற்றிலிருந்து 1,200 சுற்றாகக் குறைத்தால், காற்றின் அளவும் ஒலித்திறனும் எத்தனை பங்காகும்?

இ. ஒரு கணிப்பொறியின் இரைச்சல் 35 டெசிபல். ஒரே இடத்திலிருந்து கேட்கும்போது, அதே அளவு இரைச்சலிடும் 20 கணிப்பொறிகள் சேர்ந்தால் எத்தனை டெசிபல்?

விடைகள்: அ. ஏறத்தாழ 8.7 பாகை. ஆ. காற்று 5இல் 4 பங்கு. ஒலித்திறன் ஏறத்தாழ 3இல் 1 பங்கு. இ. 48 டெசிபல்.